பழசு என்று யார் சொல்வது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, அம்பர்நாத் கிழக்கில் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றையேதான் கேட்டார்கள். "வீட்டு சிஸ்டம் இனிமே வேலைக்கு ஆகாதாமே? புதுசு வாங்கிடவா?" பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காகக் கொரோனா காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டிகள்தான் பலரிடம். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவை. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸரும். 2017-க்கு முன் வந்த பெட்டியைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

வாங்க வேண்டாம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். ஒரு எஸ்எஸ்டி மாற்றுங்கள், லினக்ஸைப் போடுங்கள், விண்டோஸ் இல்லாமல் நடக்காத வேலை ஒன்றிரண்டு இருந்தால் அதையும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும், வேண்டியதற்குள் போகலாம். எங்கள் வீட்டில் இருப்பது மூன்றாம் தலைமுறை ஐ3, 2012-இல் சந்தைக்கு வந்த ப்ராசஸர். அதில் இந்த ஏற்பாடுதான்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு 2000-ஆம் ஆண்டு கண்முன் வருகிறது. அன்றும் எங்கள் வீட்டில் ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஆனால் எல்லாம் தலைகீழ். விண்டோஸ் 98 நடுக்கூடத்தில், லினக்ஸ் ஓரத்தில்.

அப்பா ஆர்டனன்ஸ் ஃபாக்டரியில் டர்னர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அம்பர்நாத் எஸ்டேட்டில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1953-இல் தொடங்கிய ஃபாக்டரி அது. தன் வயதுக்கு மூத்த லேத்தில் வேலை பழகியவர் அப்பா. பி.எஃப். கடன் போட்டு அவர் எடுத்துத் தந்த பணத்தோடு லாமிங்டன் ரோடுக்குப் போனோம். அம்பர்நாத்தில் லோக்கல் பிடித்து, தாதரில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்க வேண்டும். அசெம்பிள்டு பெட்டி: செலரான் 433, ரேம் 64 எம்பி, ஹார்ட் டிஸ்க் 10.2 ஜிபி. பதினைந்து அங்குல மானிட்டரை லக்கேஜ் டப்பாவில் ஏற்றி, மீன்கூடைகளுக்கு நடுவே தரையில் வைத்து, அப்பா இரண்டு கால்களாலும் அணைகட்டியதுபோல் நின்றுகொண்டு கல்யாண் வரை வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், தன் ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியது. ஃபேனை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டார். ஹார்ட் டிஸ்க் எந்தத் திருகில் நிற்கிறது, ரேம் எந்தப் பள்ளத்தில் உட்காருகிறது என்று பார்த்தார். பிறகு மூடினார். "எல்லாம் தனித்தனி உருப்படியாத்தான் இருக்கு. மெஷினுக்கு ஏதுலே வயசு? தேஞ்சதை மாத்தினா அதுபாட்டுக்கு ஓடும்" என்றார். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதிலேயே பயனுள்ள பேச்சு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

லினக்ஸ் எங்களுக்குப் பத்திரிகை வழியாக வந்தது. பிசி குவெஸ்ட் மாத இதழ் 1996 மார்ச்சிலேயே லினக்ஸ் சிடியை இதழோடு சேர்த்துத் தந்தது. பெங்களூரைச் சேர்ந்த அதுல் சிட்னிஸ் அந்த முயற்சியின் முக்கியமான ஆள். 2013-இல் அவர் காலமானபோது அவரை நேரில் பார்த்திராத எத்தனையோ பேர் சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்ததுபோல் வருந்தியதற்குக் காரணம் அந்த சிடிகள். டயல்-அப்பில் ஒரு முழு சிடியை இறக்க இரண்டு நாளாவது ஆகும், லைன் நடுவில் அறுந்தால் போச்சு. டெலிஃபோன் பில்லுக்குப் பதில் சொல்ல எந்த வீட்டிலும் ஆள் கிடையாது. கல்யாண் ஸ்டேஷன் புத்தகக் கடையில் கிடைத்த ஒரு இதழ், ஒரு மாநிலத்து இன்ஜினியரிங் காலேஜ்கள் எல்லாம் சேர்ந்தாலும் சொல்லித் தராததை எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லித் தந்தது.

முதலில் இடம் பிரிக்க வேண்டும். வட்டு முழுக்க விண்டோஸின் ஒரே பார்ட்டிஷன். ஃபிப்ஸ் என்று டாஸில் ஓடும் ஒரு சின்ன நிரல் இருந்தது. அது எந்தக் கோப்பையும் நகர்த்தாது, பார்ட்டிஷனின் வாலில் வெறுமையாக இருக்கும் பகுதியை மட்டும் வெட்டித் தரும். ஆகவே வாலை முதலில் காலி செய்ய வேண்டும். அதற்கு டிஃப்ராக். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். பச்சைக் கட்டம் படிக்கப்படுவது, சிவப்புக் கட்டம் எழுதப்படுவது. ஸ்க்ரீன் சேவர் வந்துவிட்டால்கூட முதலிலிருந்து தொடங்கும் என்பதால் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு ராத்திரிச் சாப்பாடு ஆனதும் ஓடவிட்டோம். அப்பா ஷிப்ட் முடிந்து வந்த அலுப்போடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு சிவப்புக் கட்டம் கீழிருந்து மேலே போய் உட்கார்வதை, ஜாப் ஒன்று கணக்காகக் கடைந்து வருவதைப் பார்க்கிற கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா விளக்கை அணைத்த பிறகும் அந்தத் திரையின் வெளிச்சத்தில் இருவரும் இருந்தோம்.

மறுநாள் வெட்டினோம். விண்டோஸுக்கு 7 ஜிபி, மீதி லினக்ஸுக்கு. அங்கேயும் ஒரு கட்டுப்பாடு. அந்தக் காலத்து பயாஸுக்கு வட்டில் 1024-ஆவது சிலிண்டருக்கு அப்பால் கண் தெரியாது. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 8.4 ஜிபி. லினக்ஸின் கர்னல் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால்தான் லைலோ என்ற பூட் லோடர் அதை எடுத்து ஓட்டும். அதனால் 7 ஜிபி முடிந்த இடத்திலேயே கர்னலுக்கென்று ஒரு சின்னப் பார்ட்டிஷன், அதற்குப் பின்னால் மற்றதெல்லாம். லைலோ தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்தையும் ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒன்றொன்றாகத் திரையில் காட்டும். நான்கும் வந்தால் தப்பித்தோம். இரண்டோடு நின்றால் கோட்டைத் தாண்டிவிட்டோம் அல்லது வேறு ஏதோ கோளாறு என்று அர்த்தம். அதே 2000-இல் வந்த லைலோ இந்தக் கோட்டை நீக்கிவிட்டது. ஆனால் எங்கள் கையில் இருந்த சிடியில் பழைய லைலோதான்.

இத்தனைக்கும் ஆதாரம், வட்டின் முதல் செக்டாரில் 512 பைட். அதில் 446 பைட் பூட் செய்யும் நிரலுக்கு, 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு, கடைசி 2 பைட் முத்திரை. அந்த 446 பைட்டில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் வாசற்படியில் நின்று யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்கிறார். விண்டோஸ் 98-ஐ மறுபடி போட்டால் அந்த இடம் அதன் கைக்குப் போய்விடும். லினக்ஸ் வட்டில் பத்திரமாக இருக்கும், கதவு மட்டும் இருக்காது. அன்று ஊரில் எந்தச் சிக்கலுக்கும் ஒரே மருந்து "ஃபார்மட் அடிச்சுடு" என்பதுதான், ஆகவே இது அடிக்கடி நடப்பது. பூட் ஃப்ளாப்பி ஒன்று எப்போதும் என் ஜாமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்தது கடிகாரச் சிக்கல். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்க விரும்பும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தில். லண்டனில் குளிர்காலத்தில் இந்த வேறுபாடு வெளியே தெரியாது. நமக்கு ஐந்தரை மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறி உட்கார்ந்த அப்பா, "ஏலே, மணி எட்டுங்குது? சாப்பிட்டுக் கை கழுவிட்டு இப்பத்தானே வந்தேன்" என்றார். ஒன்றரை மணி மத்தியானம். பூமியில் ஓர் ஊரின் நேரத்தை எங்கிருந்து கணக்கெடுப்பது என்ற கேள்வியை அப்பாவும் நானும் பேசிக்கொண்டது அன்றுதான். இன்றும் இரண்டு இயங்குதளம் வைத்தவர்களுக்கு இது வரும். ஒரே கட்டளையில் சரியாகும்.

இணையம் விண்டோஸில் மட்டும். பெட்டியின் உள்ளே பொருத்தியிருந்த மோடம் பாதி வேலையை ப்ராசஸர் தலையில் போடுகிற மலிவு வகை. அதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் வந்தது. லினக்ஸுக்குள் அது ஒரு வெறும் அட்டை. வேண்டியதை விண்டோஸில் இறக்கி, பெட்டியை ரீஸ்டார்ட் செய்து, லினக்ஸுக்குள் போய், விண்டோஸின் பார்ட்டிஷனைத் திறந்து எடுத்துப் படிப்போம். லினக்ஸால் விண்டோஸின் வட்டைப் படிக்க முடியும், விண்டோஸுக்கு லினக்ஸின் வட்டு தெரியவே தெரியாது. இந்த ஒன்றிலேயே எனக்கு லினக்ஸ்மேல் மதிப்பு வந்துவிட்டது.

பிறகு மின்வெட்டுக் காலம். மும்பை மாநகருக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாத விஷயம் இது. செம்பூரில் அத்தை வீட்டில் விளக்கு எரியும், மாட்டுங்காவில் எரியும், கல்யாண் தாண்டினால் லோடு ஷெட்டிங். 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது தினசரி வழக்கம். அணைக்காமல் அணைந்த பெட்டியை மறுபடி ஆன் செய்தால் விண்டோஸ் 98 நீல நிற ஸ்கேன்டிஸ்க்கோடு வரும். லினக்ஸின் பழைய இஎக்ஸ்டி2 கோப்பு முறையும் வட்டு முழுவதையும் சோதித்துவிட்டுத்தான் எழும். 2001-இல் ரெட் ஹாட் 7.2-வோடு இஎக்ஸ்டி3 வந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு செய்யும் முறை. கரண்ட் போனாலும் குறிப்பைப் பார்த்துச் சில நொடிகளில் சரிசெய்துகொள்ளும். எங்கள் ஊரின் கரண்டுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. அந்த வீட்டில் லினக்ஸ் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகரத் தொடங்கியது அப்போதுதான்.

நகர்ந்ததற்கு இன்னொரு காரணம் தமிழ். விண்டோஸ் 98-இல் தமிழ் என்றால் எழுத்துருக்களின் காடு. ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஓர் எழுத்துரு, ஒன்றில் தட்டியது இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும். பொங்கல் விழா நோட்டீஸை அப்பா வீட்டில் அடித்து எடுத்துக்கொண்டு தாராவியில் அச்சகத்துக்குப் போனால், அங்கே அதே எழுத்துரு இருந்தால் உண்டு. இந்தச் சமயத்தில் லினக்ஸில் கேடிஇ திரைச்சூழலைத் தமிழில் பார்த்தேன். மெனு முழுக்கத் தமிழ். கனடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இருந்த ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் மொழிபெயர்த்தது. சொற்கள் சில கரடுமுரடாக இருந்தன, சில இடங்களில் எழுத்து உடைந்து வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மெனுவாகத் திறந்து வாய்விட்டுப் படித்தார். அதுவரை யாராவது பக்கத்தில் இருந்தால்தான் பெட்டியைத் தொடுவார். அதற்குப் பிறகு தனியாக உட்கார்ந்தார். மும்பையில் இதே காலத்தில் வெங்கடேஷ் ஹரிஹரனும் பிரகாஷ் அத்வானியும் தொடங்கிய இண்ட்லினக்ஸ், இந்திக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் இந்த வேலையை முன்னெடுத்துக்கொண்டிருந்தது. இவர்களுக்கெல்லாம் நம் வீடுகள் பட்டிருக்கும் கடன் பெரிது. அதை யாரும் எழுதி வைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் என்பது ஏதோ என்னைப்போல் சிலரின் ஆசை என்று நினைத்திருந்த காலத்தில், ஒரு மாநில அரசே அதை லட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம். அரசு நிறுவனமான எல்காட் வழியாக வந்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-உம் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. பாஸ் என்பது சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்திய லினக்ஸ். ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா பேத்தி தன் மடிக்கணினியை ஆன் செய்து காட்டினாள். தேர்வுப் பட்டியல் திரையில் வந்தது. நான் இருபது வயதில் ராத்திரி கண்விழித்துச் செய்ததை அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே செய்து கொடுத்திருந்தார்கள். கண் கலங்கிவிட்டது. "அந்தக் கீழ இருக்கிறது எதுக்கு மாமா? டீச்சர் மேல இருக்கிறதைத்தான் அமுக்கணும்னாங்க" என்றாள். அடுத்த முறை போனபோது பட்டியல் இல்லை. இடத்தை அடைக்கிறது என்று கடையில் பாஸை அழித்துக் கொடுத்திருந்தார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. இரண்டு வாசல் வைத்தவர்கள் இரண்டாவது வாசலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பாடவேளையாவது ஒதுக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால், இன்று முப்பதை நெருங்கும் ஒரு தலைமுறையே தன் பெட்டி எப்போது பழசாகிறது என்பதைத் தானே முடிவு செய்யத் தெரிந்ததாக இருந்திருக்கும்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. 2001-இல் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பேசினார் மைக்ரோசாஃப்ட்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர். 2016-இல் அதே மைக்ரோசாஃப்ட், விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸ் நிரல்களை ஓட்டும் வசதியை அறிவித்தது. அன்று எங்கள் மோடத்துக்கு லினக்ஸில் வழியில்லை. இன்று எங்கள் கட்டடத்தில் ஒருவரின் பழைய ஸ்கேனருக்குப் புதிய விண்டோஸில் வழியில்லை, லினக்ஸில் வைத்தால் சொருகியதும் வேலை செய்கிறது. தயாரித்தவர் கைவிட்ட கருவிகளுக்கான மென்பொருளை சேன் போன்ற திட்டங்களில் யாரோ விடாமல் பேணி வருகிறார்கள் என்பதுதான் காரணம்.

கைவிடப்பட்ட பெட்டி எங்கே போகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். தாராவியில் 13 காம்பவுண்டில் மாமா ஒருவர் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். கம்ப்யூட்டரின் முன்பக்க மூடிகள், கீபோர்டுகள், மானிட்டரின் முதுகுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு துண்டை ஒடித்து, ஓரத்தில் லைட்டரைக் காட்டி அணைத்து, புகையை மோந்து பார்த்து, எந்த வகை பிளாஸ்டிக் என்று சொல்லி அந்தந்தக் குவியலில் எறிவார். அவர் மூக்குத் தவறியதில்லை. மாஸ்க் கிடையாது. பழைய மானிட்டர் என்றால் கண்ணாடியிலேயே ஈயம். மின்கழிவுக்கென்று 2011-இல் விதிகள் வந்தன, 2016-இலும் 2022-இலும் மாற்றி எழுதப்பட்டன. பழையதன் மறுசுழற்சிக்குத் தயாரித்தவர்தான் பொறுப்பு என்று அவை சொல்கின்றன. நல்லது. ஆனால் தேயாத ஒரு மெஷினை மூட்டைக்குள் போக வைப்பது ஒரு தேதி என்றால், அந்தத் தேதிக்குப் பொறுப்பு யார் என்று எந்த விதியும் கேட்கவில்லை. புகையை மோந்த மூக்கு அதற்கான விலையில் ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கட்டடத்துப் படிக்கட்டில் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்றைய எங்கள் ஐ3-இல் ரேமை 8 ஜிபியாக்கி, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டிருக்கிறோம். அதில் 80 ஜிபி விண்டோஸ் 10-க்கு. ஹவுசிங் சொசைட்டியின் கணக்கு டாலியில் இருப்பதால் அது தேவைப்படுகிறது. அந்தப் பக்கம் இணையம் கிடையாது. மற்ற எல்லாம் லினக்ஸ் மின்ட்டில். அப்பா காலையில் ஆன் செய்தால் பட்டியல் வந்து சில நொடியில் தானே லினக்ஸுக்குள் போய்விடும். பத்திரிகைத் தளங்கள் எல்லாம் யூனிகோடில் ஒரே எழுத்தாகத் தெரிகின்றன. தமிழ்99 விசைப்பலகையில் ஊருக்குக் கடிதம் அடிக்கிறார், வேகம் குறைவு, பிழை கிடையாது.

வீட்டுப் பெட்டியில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு: படங்களையும் கோப்புகளையும் முதலில் வெளி வட்டில் எடுத்து வையுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள், அது பெட்டியை முழுதாக அணைப்பதில்லை, அதனால் விண்டோஸ் பார்ட்டிஷனில் லினக்ஸால் எழுத முடியாமல் போகும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் பார்ட்டிஷனில் கை வையுங்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரின்டரும் சரியாக வருகின்றனவா என்று சோதித்துக்கொள்ளுங்கள். அம்பர்நாத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரலாம். மானிட்டர் வேண்டாம், இங்கே இருக்கிறது.